லாங்-ஆர்ம் மெஷினில் பேண்டோகிராஃப் தைக்கப் பழகுவது எப்படி

குயில்ட் என்பது டாப் (மேல்துணி), பேட்டிங் (நடுவில் வரும் பஞ்சு அடுக்கு), பேக்கிங் (அடித்துணி) மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. அதை ரோலர்களில் பொருத்தி, மெஷினையே கையால் நகர்த்தித் தைக்கும் பெரிய தையல் மெஷின்தான் லாங்-ஆர்ம். பேண்டோகிராஃப் என்பது நீளமான காகிதச் சுருள். 10, 12 அடி நீளத்துக்கு ஒரே டிசைன் திரும்பத் திரும்ப, எங்கும் விட்டுப்போகாத ஒற்றைக் கோடாக அதில் அச்சாகியிருக்கும். மெஷினின் பின்பக்கம் நின்று லேசர் புள்ளியை அந்தக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போனால், அந்தப் பக்கம் ஊசி அதே கோட்டைக் குயில்ட்டில் தைத்துக்கொண்டே வரும். 1603-ல் கிறிஸ்டோஃப் ஷைனர் உருவாக்கிய வரைகருவியின் பெயர்தான் இதற்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கருவி படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ நகலெடுக்கும். லாங்-ஆர்மில் அது கிடையாது. காகிதத்தில் 1 இன்ச் என்றால் துணியிலும் 1 இன்ச்தான். கை இழுத்த இழுப்பும் அதே அளவில் பதியும்.

பழகுபவர்கள் எல்லோரும் கவலைப்படுவது இந்தக் கை இழுப்பைப் பற்றித்தான். உண்மையில் முதல் குயில்ட்டுகள் கெடுவது அதனால் இல்லை. ஒரு வரிசையை முடித்து, குயில்ட்டைச் சுருட்டி, அடுத்த வரிசையைத் தொடங்கும் இடத்தில்தான் கெடுகின்றன. கொஞ்சம் நெளிந்துபோன ஒரு வளைவு, ஒருமுறை துவைத்துத் துணி சுருங்கிய பிறகு யார் கண்ணிலும் படாது. இரண்டு வரிசைக்கு நடுவே இடப்பக்கம் 1 இன்ச், வலப்பக்கம் 2 இன்ச் என்று இடைவெளி விழுந்துவிட்டால், அறையின் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் தெரியும். அதனால் வரிசை மாற்றும் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

எந்த டிசைனில் தொடங்குவது

சுழிகள், அலைகள், இலைபோல வளைந்து போகும் கோடுகள்: இவைதான் முதல் மூன்று நான்கு குயில்ட்டுக்கு ஏற்றவை. ஒரு வளைவு கொஞ்சம் பெரிதாகவும் அடுத்தது கொஞ்சம் சின்னதாகவும் போனாலும் டிசைனே அப்படித்தான் என்று தோன்றும். முழு வட்டம், நீண்ட நேர்கோடு, ஒன்றையொன்று ஒட்டி ஓடும் இரட்டைக் கோடு, போன தடத்திலேயே திரும்பி வரும் காம்பு ஆகிய நான்கையும் தள்ளி வையுங்கள். நம் கண்ணுக்கு வட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும், அதனால் சின்னக் கோணலும் காட்டிக்கொடுத்துவிடும். போன தடத்திலேயே திரும்பும்போது நூல் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் அங்கே பிழை இரட்டிப்பாகத் தெரியும்.

டிசைனின் உயரத்தைத் தீர்மானிப்பது உங்கள் விருப்பம் இல்லை, மெஷினின் கழுத்து, அதாவது ஊசிக்கும் மெஷினின் பின்தூணுக்கும் நடுவே உள்ள இடம். 18 இன்ச் கழுத்துள்ள மெஷினில் 18 இன்ச்சும் தைக்க முடியாது. பின்னால் தைத்து முடித்த குயில்ட் சுற்றும் ரோலர் உள்ளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தைக்கத் தைக்க அந்தச் சுருள் தடித்துக்கொண்டே வரும். தொடக்கத்தில் 13, 14 இன்ச் கிடைத்தாலும் பெரிய குயில்ட்டின் கடைசி வரிசைகளில் அது குறைந்திருக்கும். முதல் வரிசைக்குச் சரியாகப் பொருந்துகிறதே என்று 13 இன்ச் டிசைனை எடுத்தால், எட்டாவது வரிசையில் மெஷின் போய்ச் சுருளில் முட்டி நிற்கும். பழகும்போது 6 முதல் 9 இன்ச் உயரம் போதும்.

தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பேட்டிங் உறையில் போட்டிருக்கும். டிசைனில் காலியாக இருக்கும் பெரிய இடம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டிங் உள்ளே நகர்ந்து கட்டியாகும்.

எத்தனை வரிசை வரும்

காகிதத்தில் அழுத்தமான கோடு ஒன்று இருக்கும். அதுதான் நீங்கள் தைக்கும் வரிசை. அதற்கு மேலும் கீழும் புள்ளிக்கோடுகள் இருக்கும். அவை முந்தைய வரிசையும் அடுத்த வரிசையும் வந்து உட்காரும் இடங்கள். பெரும்பாலான டிசைன்களில் ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்ததன் மேடு வந்து இறங்கும். ஆகவே டிசைனின் முழு உயரம் வேறு, வரிசைக்கு வரிசை உள்ள தூரம் வேறு. கணக்குக்கு இரண்டும் வேண்டும்.

டிசைன் உயரம் 9½ இன்ச், வரிசைத் தூரம் 8 இன்ச், குயில்ட் நீளம் 80 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை 9½ இன்ச்சை மூடும். அதற்குப் பின் வரும் ஒவ்வொன்றும் 8 இன்ச் கூட்டும். 10 வரிசைக்கு 9½ + 72 = 81½ இன்ச். மிச்சம் 1½ இன்ச். மேலே முக்கால், கீழே முக்கால் என்று ஓரத்தைத் தாண்டி ஓடவிட்டால் கச்சிதம். குயில்ட் 84 இன்ச் என்றால் 10 வரிசை பற்றாது, 11 வரிசை 89½ இன்ச் ஆகிவிடும். அப்போது வரிசைத் தூரத்தைக் கால் இன்ச் கூட்டுங்கள். 9 இடைவெளிக்கு 2¼ இன்ச் சேர்ந்து 83¾ ஆகும். மிச்சக் கால் இன்ச் ஓரப்பட்டிக்குள் போய்விடும். இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கினால், கடைசியில் 2 இன்ச் துண்டு மிஞ்சி, டிசைனின் தலை மட்டும் அங்கே எட்டிப் பார்க்கும்.

ஏற்றுவது

பேக்கிங்கும் பேட்டிங்கும் டாப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் அதிகம் இருக்கட்டும். 64-க்கு 80 டாப் என்றால் 72-க்கு 88. மேலும் கீழும் ரோலரோடு பொருத்துவதற்கு அது வேண்டும். பக்கவாட்டில் கிளாம்ப் (துணியின் பக்க ஓரத்தை இழுத்துப் பிடிக்கும் கவ்வி) கடிக்கவும், டென்ஷன் (நூலின் இறுக்கம்) சோதிக்கவும், டிசைன் ஓரம் தாண்டி ஓடவும் அந்த இடம்தான்.

பேக்கிங்கை மத்தளம்போல இறுக்குவது பரவலான தவறு. துணி இறுக்கமாக இருந்தால் ஊசி இறங்கும்போது அது விட்டுக்கொடுக்காது. ஊசி வளையும், தையல் விடும், நூல் அறும். கீழிருந்து ஒரு விரலால் தூக்கினால், மேலே இருக்கும் கையால் அந்த விரல் நுனியைத் துணியோடு பிடிக்க முடிய வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் அளவு.

டாப்பின் மேல் ஓரத்தை நேராக வைக்க மெஷினின் கிடைமட்டப் பூட்டைப் பயன்படுத்துங்கள். அதைப் போட்டுவிட்டால் மெஷின் இடம் வலமாக மட்டுமே நகரும். முதலில் பேட்டிங்கில் ஒரு நேர்கோடு தைத்து, டாப்பின் ஓரத்தை அந்தக் கோட்டில் வைத்துப் பின் குத்தி, ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே நீளத் தையலாக ஓட்டிவிடுங்கள். இந்த ஓட்டுத்தையலைத் தவிர்க்காதீர்கள். டிசைன் ஓரம் தாண்டிப் போய் உள்ளே திரும்பும்போது மெஷினின் பாதம் தூக்கிக்கொண்டிருக்கும் துணி விளிம்பில் மாட்டும், அப்படியே மடித்தும் தைத்துவிடும். பின்னால் நிற்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

பக்கக் கிளாம்ப்புகளின் பட்டை மெஷினின் கையில் இடிக்கும் வாய்ப்பு அதிகம். முன் ரோலருக்கும் பின் ரோலருக்கும் குறுக்கே பக்கத்துக்கு ஒரு நீள மரஸ்கேலை வைத்து, பட்டையை அதன் மேல் ஏற்றிவிட்டால் பட்டை உயர்ந்து வழிவிடும்.

ஊசி, நூல், பாபின்: 134 எம்ஆர் ஊசியில் 3.5 அல்லது 4.0 அளவு, மேலே 40-ம் எண் பாலியஸ்டர் நூல், கீழே 50 அல்லது 60. ஒவ்வொரு குயில்ட்டுக்கும் புது ஊசி. பாதத்தின் உயரத்தையும் பாருங்கள். ஊசி அடிமட்டத்தில் இருக்கும்போது பாதத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் துணி ஊசியோடு எழும்பி எழும்பித் தையல் விடும்.

தையல் சீராக்கியை, அதாவது ஸ்டிச் ரெகுலேட்டரை, இன்ச்சுக்கு 10 தையலில் வையுங்கள். நீங்கள் வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் தையல் நீளம் அதே அளவில் இருக்கும். நின்றால் ஊசியும் நிற்கும். நிலையான வேகத்தில் ஓடும் முறை பழகும் கைக்கு வேண்டாம். ஒரு நொடி தயங்கினாலும் அங்கே முடிச்சு விழுந்துவிடும்.

காகிதத்தை விரிப்பது

பின்பக்க மேசையில் காகிதத்தை விரித்து, மேலே தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டைப் போடுங்கள். சுருட்டி வைத்த காகிதம் நடுவில் மேடாகத் தூக்கும். லேசர் சாய்வாக விழும் மெஷினில், தூக்கிய காகிதத்தில் புள்ளி இடம் மாறித் தெரியும். நீங்கள் கோட்டின்மேல்தான் இருப்பீர்கள், ஊசி வேறு எங்கோ இருக்கும். முந்தின நாளே எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைத்தால் காகிதம் படிந்துவிடும்.

நேராக வைக்கும் விதம் இது. காகிதத்தில் நீளவாக்கில் ஒரு நேர்கோடு அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் ஒரே உயரமுள்ள இரண்டு மேடுகளை இணைத்து நீங்களே ஸ்கேல் வைத்துப் போடுங்கள். கிடைமட்டப் பூட்டைப் போட்டு, புள்ளியை அந்தக் கோட்டின் இடக்கோடியில் நிறுத்தி, வலக்கோடி வரை மெஷினைத் தள்ளிக்கொண்டு போங்கள். புள்ளி கோட்டைவிட்டு விலகினால் காகிதத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். மேசை விளிம்பை வைத்து நேர் பார்க்க வேண்டாம். மெஷின் ஓடுவது தண்டவாளத்தில். மேசை விளிம்பு அதற்கு இணையாக இருக்கும் என்று நிச்சயம் இல்லை. நேரானதும் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள்.

இப்போது எல்லைகள். ஊசியை மேலே தூக்கிய நிலையில் மெஷினைக் குயில்ட்டின் இட ஓரத்துக்குக் கொண்டுபோய், லேசர் விழும் இடத்தில் பிளாஸ்டிக்கின்மேல் டேப் துண்டு ஒட்டுங்கள். வல ஓரத்துக்கும் அப்படியே. பின் ரோலர் பக்கம் மெஷின் போகக்கூடிய கடைசி இடம், முன்பக்கம் கடைசி இடம் இரண்டையும் குறியுங்கள். இந்த நான்கு குறிகளுக்குள் டிசைன் அடங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு முறை சுருட்டிய பிறகும் பின்பக்கக் குறியைத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் சுருள் தடித்தால் அது நகரும்.

முதல் வரிசைக்கு, ஊசியை டாப்பின் மேல் ஓரத்தில் நிறுத்தி, டிசைனின் உச்சிமேடு புள்ளியைவிட முக்கால் இன்ச் உங்கள் பக்கம் வருமாறு வையுங்கள். முதல் வரிசை விழுவது பின் ரோலருக்கு ஒட்டிய பக்கத்தில், அதாவது உங்களுக்கு அருகில். அடுத்த வரிசைகள் உங்களைவிட்டு விலகிப் போகும். இந்தத் திசை மனதில் பதியும்வரை குழப்பும்.

இதே காரணத்தால், பின்னால் நிற்கும் உங்களுக்கு நேராகத் தெரியும் படம் குயில்ட்டில் தலைகீழாகத்தான் விழும். சுழிக்கும் அலைக்கும் அதனால் ஒன்றும் இல்லை. பறவை, எழுத்து, மரம் என்று தலையும் காலும் உள்ள டிசைனென்றால் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி விரியுங்கள், அல்லது குயில்ட்டை அடி ஓரம் முதலில் வருமாறு ஏற்றுங்கள்.

ஊசியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்திகை

மோட்டாரை ஓடவிடாமல், புள்ளியை மட்டும் ஒரு வரிசை முழுக்க ஓட்டிப் பாருங்கள். மூன்று தடவையாவது. முதல் தடவை வழியைக் கண்டுபிடிக்க, இரண்டாவது எங்கே கை சிக்குகிறது என்று பார்க்க, மூன்றாவது தாளம் பிடிக்க. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில்தான் எல்லோரும் தடம் மாறுகிறார்கள். அங்கெல்லாம் அழியும் மார்க்கரால் பிளாஸ்டிக்கின்மேல் சின்ன அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

இந்த ஒத்திகையில் இன்னொன்றும் தெரிந்துவிடும். ஓர் இடத்தில் மெஷின் லேசாகத் தட்டினால், அடுத்த ஓட்டத்திலும் அதே இடத்தில் தட்டினால், அங்கே தண்டவாளத்தில் நூல் துணுக்கு கிடக்கிறது. தட்டு ஓர் இடத்தில் இல்லாமல் ஒரே சீரான தூரத்துக்கு ஒருமுறை வந்தால் நூல் சக்கரத்தில் சுற்றியிருக்கிறது. துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கண்ணும் கையும்

புள்ளியைப் பார்க்காதீர்கள். பேண்டோகிராஃபில் முதலில் பழக வேண்டியது இதுதான். புள்ளியைப் பார்த்தால், அது கோட்டைவிட்டு விலகிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். உடனே கை வெடுக்கென்று இழுக்கும், அந்த இழுப்பு பல் மாதிரி தையலில் விழும். கண் புள்ளிக்கு 1, 2 இன்ச் முன்னால் கோட்டில் இருக்கட்டும். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தையா பார்க்கிறோம்? புள்ளி கண்ணோரத்தில் தெரிந்தால் போதும், அது தானாகப் பின்தொடரும்.

ஒரு சுழியை எடுத்துக்கொள்வோம். கோடு இடமிருந்து வந்து மேலேறி, உச்சியில் திரும்பி, கீழிறங்கி, வந்த கோட்டையே வெட்டிக்கொண்டு வலப்பக்கம் போகிறது. புள்ளி அடிவாரத்தில் இருக்கும்போது கண் ஏறும் பாதையின் நடுவில் இருக்க வேண்டும். புள்ளி ஏறும்போது கண் உச்சிக்குப் போய்விட வேண்டும். உச்சியில்தான் பெரும்பாலான சுழிகள் கெடும். காரணம் மெஷினின் எடை. முன்னும் பின்னும் நகரும்போது மெஷினின் தலை மட்டும் கேரேஜின்மேல் (தலையைத் தாங்கி இடம் வலமாக ஓடும் வண்டி) உருளும். இடம் வலமாக நகரும்போது தலையும் கேரேஜும் சேர்ந்து நகர வேண்டும். ஆகவே பக்கவாட்டில் தள்ள அதிக விசை வேண்டும், நிறுத்தவும் அதிக விசை வேண்டும். உச்சியில் திசை மாறும் அந்தக் கணத்தில் பழகாத கை பக்கவாட்டுத் தள்ளலைத் தாமதமாகத் தொடங்கும். சுழி ஒடுங்கி முட்டை வடிவாகும். உச்சிக்குச் சற்று முன்பே பக்கவாட்டில் சாய ஆரம்பியுங்கள். இறங்கும்போது கண் வெட்டும் இடத்துக்கு, அங்கிருந்து நேராக அடுத்த அலைக்கு. வெட்டும் இடத்தில் கோடு அநேகமாக எப்போதும் நேரே குறுக்கே போகும்; பக்கத்துக் கோட்டில் ஏறாது. தடுமாறினால் இந்த ஒரு விதி காப்பாற்றும்.

கூர்முனை வந்தால் முனைவரை போய், ஒரு மூச்சு நின்று, பிறகு திரும்புங்கள். நிற்காமல் திருப்பினால் முனை மழுங்கும். வளைவில் அப்படி நிற்கக் கூடாது. வளைவுக்கு ஒரே சீரான ஓட்டம் வேண்டும்.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் கோடு நடுங்கும். விரல்களால் தாங்குவதுபோலப் பிடியுங்கள், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இடுப்பிலிருந்து எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் அடி வைத்து நகருங்கள். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி எட்டித் தைக்கும் பகுதி ஒவ்வொன்றும் கோணலாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வேகம் பற்றி: மிக மெதுவாகப் போனால் நேராக வரும் என்று தோன்றும். வராது. மெதுவாக ஓட்டும்போது சக்கரத்தின் ஒவ்வொரு தயக்கமும் கையின் ஒவ்வொரு அசைவும் கோட்டில் ஏறும். நிதானமாக நடக்கும்போது ஒரு தாளம் இருக்குமே, அந்த வேகம் சரி. சீராக்கியின் எல்லையைத் தாண்டிவிட்டால் தையல் நீளும். பல மெஷின்கள் பீப் ஒலி எழுப்பி எச்சரிக்கும்.

கோட்டைவிட்டுக் கால் இன்ச் விலகிவிட்டீர்களா? அப்படியே போங்கள். அடுத்த 2, 3 இன்ச்சில் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளுங்கள். துணியில் கோடு இல்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. குயில்ட்டைப் பார்ப்பவருக்கு நீங்கள் விலகியது தெரியாது. வெடுக்கென்று திரும்பியது தெரியும்.

தொடங்குவதும் நிறுத்துவதும்

ஒவ்வொரு வரிசையையும் டாப்பின் ஓரத்துக்கு அரை இன்ச் வெளியே, பேட்டிங்கில் தொடங்கி, மறுபக்கமும் அரை இன்ச் வெளியே முடியுங்கள். தொடக்கமும் முடிவும் ஓரப்பட்டிக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போகும். தொடங்கும்போது ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றிக் கீழ்நூலை மேலே இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் நூல் பந்தாகச் சிக்கும்.

நடு வரிசையில் பாபின் தீர்வது எரிச்சலான விஷயம். ஒரு பாபினில் எத்தனை வரிசை வருகிறது என்று முதல் குயில்ட்டில் எண்ணி வையுங்கள். சந்தேகம் இருந்தால் வரிசை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். நடுவில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் கூர்முனையிலோ கோடுகள் வெட்டும் இடத்திலோ நிறுத்துங்கள். வளைவின் நடுவில் ஒட்டுப் போட்டால் தழும்பாகத் தெரியும். நூல் அறுந்தால், கடைசி நல்ல தையலுக்கு முன் கால் இன்ச்சில் ஊசியைக் கையால் இறக்கி, 3, 4 பொடித் தையல் போட்டு, பழைய தடத்தின்மேல் ஏறித் தொடருங்கள். அப்போது புள்ளி கோட்டின்மேல் இல்லாவிட்டால், துணி நகர்ந்திருக்கிறது அல்லது அந்த இடத்தில் நீங்கள் முன்பே விலகித் தைத்திருக்கிறீர்கள். எப்படியானாலும் துணியில் இருக்கும் தையல்தான் முக்கியம். அதில் இணைத்துவிட்டு மெல்லக் கோட்டுக்குத் திரும்புங்கள்.

பின்பக்கம் நிற்பதால் நூல் அறுந்தது உடனே கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். தைக்கும் ஒலியும் வெறுமனே குத்தும் ஒலியும் வேறு. ஒரு குயில்ட் முடிவதற்குள் காது பழகிவிடும். அதுவரை ஒவ்வொரு டிசைன் முடிந்ததும் ஒருமுறை தலை தூக்கிப் பாருங்கள்.

வரிசை மாறும்போது

ஒரு வரிசை முடிந்தது. அவசரப்படாமல் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. டாப்பின் இரண்டு பக்க ஓரங்களையும், தைத்த பகுதி முடியும்வரை, கால் இன்ச்சுக்குள் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள்.
2. ஊசி மேலே இருக்கிறதா என்று பார்த்து, பக்கக் கிளாம்ப்புகளைக் கழற்றுங்கள். கழற்றாமல் சுருட்டினால் துணி மூலைவாட்டில் இழுபடும்.
3. தைத்த வரிசையில் இட ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடும் வல ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடும் தேர்ந்தெடுங்கள். கூர்முனை இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றிலும் ஒரு பின் குத்துங்கள்.
4. காகிதத்தில் உங்கள் பக்கம் இருக்கும் புள்ளிக்கோடுதான் இப்போது தைத்து முடித்த வரிசை. அதில் அதே இரண்டு மேடுகளைக் கண்டுபிடித்துக் குறியுங்கள்.
5. லேசரை அந்த இடக்குறியில் நிறுத்தி, மெஷின் நகராமல் பூட்டுங்கள். பின் குத்திய மேடு ஊசிக்கு நேர்கீழே வரும்வரை குயில்ட்டைச் சுருட்டுங்கள்.
6. வலக்குறிக்குப் போய் அங்கேயும் பாருங்கள்.

ரோலர் பல்சக்கரத்தில் நிற்பதால் ஊசி துல்லியமாக மேட்டின்மேல் வராது. ஒரு பல் முன்னால் போகும் அல்லது பின்னால் நிற்கும். மிச்ச தூரத்தை ரோலரில் தேடாமல் லேசர் முனையைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். லேசர் அசையாத வகையென்றால் காகிதத்தை அப்படியே இணையாக நகர்த்துங்கள்.

இதற்குப் பிறகு கிளாம்ப்புகளை மாட்டுங்கள். மாட்டியதும் இரண்டு குறியையும் மறுபடி சோதியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சரியாகப் பொருத்திவிட்டோம் என்று நம்பிக் கிளாம்ப்பை இழுத்துக் கடிக்கவிடும்போது துணி கால், அரை இன்ச் நகர்ந்துவிடும்.

இடம் பொருந்தி, வலம் பொருந்தவில்லை என்றால்? முதலில் கிளாம்ப்பைத் தளர்த்திப் பாருங்கள். அப்போது சரியானால் இழுப்பு சமமாக இல்லை என்று பொருள். தளர்த்தியும் கால் இன்ச்சுக்குள் வித்தியாசம் இருந்தால் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் பிரித்துவிடுங்கள். அதைவிட அதிகம் என்றால் பின்னால் சுருளில் துணி ஒரு பக்கம் தளர்ந்து சுற்றியிருக்கும். பிரித்து, கையால் நீவி, மறுபடி சுருட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு வரிசை தள்ளி இந்தக் கோணல் இரண்டு மடங்காகும்.

முன்பு சொன்ன கணக்குப்படி வரிசைத் தூரத்தைக் கால் இன்ச் கூட்ட வேண்டியிருந்தால், நான்காவது படியில் குறிகளைப் புள்ளிக்கோட்டிலிருந்து கால் இன்ச் உங்கள் பக்கம் தள்ளிப் போடுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

பக்கவாட்டையும் மறக்காதீர்கள். பல டிசைன்களில் அடுத்த வரிசை பாதி டிசைன் அளவுக்குத் தள்ளித் தொடங்கும். புள்ளிக்கோடு அதைக் காட்டும். தள்ளாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் குயில்ட் முழுக்கத் தூண் தூணாகப் பட்டை தெரியும்.

இன்னும் ஒன்று. சுருள் தடிக்கத் தடிக்கக் குயில்ட் மெஷினின் கழுத்துத் தட்டை அழுத்த ஆரம்பிக்கும், ஓட்டம் கனக்கும். பின் ரோலரைக் கொஞ்சம் உயர்த்தி, குயில்ட் தட்டை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். "கை திடீரென்று கனமாகிவிட்டது" என்று தோன்றினால் கையைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

அடிப்பக்கம்

டென்ஷனைக் குயில்ட்டுக்கு வெளியே, பக்க மார்ஜினில் சோதியுங்கள். நேர்கோட்டில் இல்லை, சுழிகளாகப் போட்டு. நேர்கோட்டில் அழகாக இருக்கும் டென்ஷன் வளைவில் குட்டு வெளிப்படும். முதல் வரிசையில் ஓர் அடி தைத்ததும் நின்று, கீழே கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை கையை அடியில் விட்டுத் தடவுங்கள். சரியான தையல் மணிமணியாகக் கைக்குத் தட்டும்.

அடியில் கீழ்நூல் ஒரு நேர்க்கம்பிபோலக் கிடந்து, அதன்மேல் மேல்நூல் கண்ணி கண்ணியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு. மேலே கீழ்நூலின் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம், அல்லது பாபின் தளர்வு. வளைவுகளில் மட்டும் அடியில் இமைமயிர்போல நூல் விரிந்து கிடந்தால் வளைவில் நீங்கள் வேகமெடுக்கிறீர்கள். ஊசி வளைந்து நூல் ஒரு பக்கம் இழுபடுகிறது. அங்கே நிதானித்துப் பாருங்கள், டென்ஷனைக் கடைசியாகத் தொடுங்கள்.

பிரிக்க வேண்டி வந்தால் மேலே ஒவ்வொரு நான்காவது, ஐந்தாவது தையலை வெட்டிவிட்டு, அடியிலிருந்து கீழ்நூலை இழுங்கள். நீளமாக வந்துவிடும், துணியும் தப்பிக்கும்.

கடைசி வரிசை

டாப்பின் அடி ஓரம் கண்ணில் பட்டதும் அதையும் மேல் ஓரம்போல அரைக்கால் இன்ச் உள்ளே ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். கடைசி வரிசையின் பள்ளங்கள் ஓரத்தைத் தாண்டி எங்கே போகின்றன என்று லேசரை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். பேக்கிங்கை ரோலரோடு பொருத்திய பின்களின்மேல் ஊசி இறங்கிவிடும் அபாயம் இங்கேதான். டிசைன் அங்கே எட்டுகிறதென்றால், காகிதத்தில் டாப்பின் ஓரத்துக்கு அரை இன்ச் அப்பால் ஒரு நேர்கோடு போட்டு, டிசைன் அதைத் தொடும் இடத்தில் அந்தக் கோட்டிலேயே நகர்ந்து, டிசைன் திரும்பி உள்ளே வரும் இடத்தில் மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். அந்த நேர்கோட்டுத் தையல் எல்லாம் பேட்டிங்கோடு சேர்த்து வெட்டிப் போகும்.